பினாங்குத் தோட்டத்தில் பங்கு

ஆடி 20, திங்கள்

காற்று தாங்கவில்லை. ஒட்டிக் காயவைத்த தீப்பெட்டிக் கூடெல்லாம் தெருவில். பாதிதான் பொறுக்க முடிந்தது. பசைக்கு மைதா வாங்கணும்.

பக்கத்தில் கொழுந்தன் வீட்டுக்கு மறுபடியும் அந்தக் கோட்டுக்காரர். கோவில்பட்டி லாட்ஜில் தங்கியிருக்கிறாராம். இவர்கள் தாத்தா பினாங்கில் ரப்பர் தோட்டம் விட்டுவிட்டுச் செத்தாராம். கேட்க ஆளில்லாமல் கிடக்கிறதாம். முத்திரைச் செலவுக்கு ஏதாவது கொடுத்தால் எழுதி வாங்கிவிடலாமாம்.

கதவோரம் நின்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரவியளும் அந்தத் தாத்தாவுக்குப் பேரன்தான அய்யா?"

"பிள்ளை இல்லாம செத்தவங்க பேரைச் சேர்க்க முடியாதும்மா."

கொழுந்தன் பெண்டாட்டி செல்வி சிரிப்பை அடக்கினாள். பார்த்தேன்.

ஆடி 22

சோறு இறங்கவில்லை. குழாயடியில் இதே பேச்சு.

"ஏட்டி செல்வி, கப்பல்ல போவியா, ஏரோப்ளேன்லயா?"

"எங்க வீட்டுக்காரவிய எதுல கூட்டிட்டுப் போறாவியளோ அதுல போவேன்க்கா."

எங்க வீட்டுக்காரவிய. ஒரு குடம் நிறையறதுக்குள் எத்தனை தடவை.

தினம் கொழுந்தன் கிளம்பும்போது அவள் நிறைகுடத்தோடு எதிரே வருகிறாள். நல்ல சகுனம். போன வருஷம் வரை நானும் வந்தவள்தான்.

உப்பு. மண்ணெண்ணெய்.

ஆடி 24

செல்வியின் சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு கொழுந்தன் லாட்ஜுக்குக் கிளம்பினார். வேண்டுமென்றே முன்னால் போய் நின்றேன். வெறும் நெற்றி. வெறுங்குடம்.

"இந்த மூளிக்கு வேற நேரமே கிடைக்கலியா! உள்ள வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அடுத்த பஸ்சுக்குப் போங்க."

"ஏட்டி, வாயை மூடு. மதினி காதுல விழுது."

விழட்டும். மனசு குளிர்ந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆவணி 2

மேகம் கூடிக் கலைந்தது. லாட்ஜில் ஆள் இல்லை. எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கமும் இப்படி நகை வாங்கியிருக்கிறானாம். போலீஸ்காரர் சிரித்தாராம், "பினாங்காவது, தோட்டமாவது."

செல்வி வாசலில் உட்கார்ந்து அழுகை. "இவ எதிர வந்தால்லா. அன்னைக்கே போச்சு!"

தெருவே அதைத்தான் சொல்கிறது. அந்தக் களவாணியைத் திட்ட ஒருத்தரும் இல்லை. கொழுந்தன் முதலில் அவளை அடிக்கப் போனார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அழாத. பருத்தி வித்ததும் வேற சங்கிலி எடுத்துத் தாரேன்." சங்கிலி போன பிறகும் அவளுக்குத்தான் அதிகம்.

நான் எதிரே வந்ததால் போனதாம். இருக்கட்டும்.

விளாத்திகுளத்துக்குப் பருத்தி லாரியில் எங்க வீட்டுக்காரவிய ஏறிப்போய்த் திரும்பாத அன்றைக்கும் நான்தான் எதிரே வந்தேன். பூ, பொட்டு, கழுத்தில் தாலி. குடம் தளும்பத் தளும்ப.