டில்லி அண்ணன் பிடித்த பேனல்

ஜூன் 3, திங்கள்
திருமழிசை பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டேதான் வந்தேன். வேலையில் புது ஜோடி, நிஷா. அலுமினியத் தகட்டுக்கு இந்தப் பக்கம் நான் ரிவெட் கன்னோடு. அந்தப் பக்கம் அவள் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கிறாள். முகம் தெரியாது, தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் ரிவெட் கெட்டுவிட்டது, கழற்று. ஏழு வருஷம் அந்தப் பக்கம் டில்லிபாபு அண்ணன் இருந்தார். போன மாசம் பாடி மேம்பாலத்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜூன் 4
மூன்று தட்டு கேட்டது. கழற்றப் போனேன். "அக்கா, நான் தட்டவே இல்லியே" என்கிறாள் நிஷா.

ஜூன் 7
அண்ணனும் நானும் கடைசியாக அடித்த பேனலை இன்று எந்திரத்தில் நிறுத்தி நசுக்கிப் பார்த்தார்கள். விமான இறக்கைக்கான மாதிரி. தகட்டின் முதுகில் வரிசையாகத் தாங்குபட்டைகள் வைத்து ரிவெட் அடித்தது. தாங்க வேண்டிய பாரம் வருவதற்குள் டப்பென்று புடைத்துவிட்டது. சூப்பர்வைசர் ராஜசேகரன் யோசிக்கக்கூட இல்லை. "டில்லி சரியா புடிச்சிருக்க மாட்டான். ரிவெட்டு உக்காரல."

செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்? பற்றிக்கொண்டு வந்தது. ஆனா நான் ஏன் வாயத் தொறக்கல? அந்த மூணு தட்டு — அவரே சொல்றாரோ, கெட்டுப்போச்சுன்னு?

ஜூன் 9, ஞாயிறு
அண்ணன் மனைவி கன்னியம்மா அக்காவைப் பார்க்கத் திருமுல்லைவாயில் போக வேண்டும். ராஜசேகரன் பேச்சு அவள் காதுக்குப் போயிருக்கும். கேட்டால் என்ன சொல்வேன்? போகவில்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 14
பயமா இருக்கு. பஸ் ஜன்னல்லயும் அந்த மூணு தட்டு கேக்குது.

ஜூன் 20
நிஷாவும் நானும் அதே வரைபடத்தை வைத்து அடித்த பேனலை நசுக்கினார்கள். ஏறக்குறைய அதே பாரம், அதே டப். சோதனைக்கூடத்து நிவேதிதா கூப்பிட்டு இரண்டு பேனலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒரு ரிவெட்கூட அசையவில்லை. ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில்தான் தகடு சின்னச் சின்னத் தொப்பையாகப் புடைத்திருந்தது.

"எடையக் குறைக்கணும்னு வரைபடத்துலயே ரிவெட் இடைவெளிய ஜாஸ்தி பண்ணிட்டாங்க. நெருக்கி அடிச்சிருந்தா தாங்கியிருக்கும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ராஜசேகரன் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 23, ஞாயிறு
போனேன். கன்னியம்மா அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "அண்ணன் மேல தப்பில்லக்கா. ரிவெட் எல்லாம் கெட்டியா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதாடி?" என்றாள். கை நின்றது. "நீ இன்னாத்துக்கு இத்தினி நாளா ஊட்டாண்ட வரல? நீயும் அப்டித்தான் நெனச்சிகினியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். குனிந்து செருப்பைக் கழற்றினேன்.