மேல்மாடிக்கு ஒரு பதில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் முழங்கால் உட்பட எல்லாவிதத்திலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகிறது, வீக்கம் வடிந்துவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் வரை போய் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு வருகிறேன். மிதிக்க மட்டும் கூடாதாம். நாற்பது வருஷம் மிதித்த காலுக்கு இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி பெண் வருகிறாள், வயதில் உனக்குத் தங்கை, மிரட்டுவதில் உனக்கு அக்கா. கால் ஓய்வெடுக்கிறதே என்று கையையும் சேர்த்துத் தூங்க வைக்கக்கூடாது, நாளைக்குப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தாங்க வேண்டியது இந்தக் கைதான் என்கிறாள். அதனால் காலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு வேலை. மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தோள் வரை தூக்க வேண்டும், துண்டின் இரு முனையையும் பிடித்து மார்புக்கு நேராக இழுக்க வேண்டும், கடைசியாக ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே பத்துத் தடவை தூக்க வேண்டும். தோள் திரண்டு சட்டைக் கை இறுக்குகிறது, தையல்காரி தன் சட்டையையே பிரித்துத் தைக்கிற நிலைமை வந்துவிட்டது, சிரிக்காதே.

அந்தக் கம்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். மெஷின் பக்கத்தில் சாத்தியிருக்குமே, அதே கம்புதான். மேலே அப்பா ரேடியோ ரிப்பேர் பார்ப்பார், கீழே நான் தைப்பேன், நடுவில் பதினான்கு படி. எனக்கு முழங்கால் வலி, அவருக்குச் சோம்பல். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரைப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார், வா என்று அர்த்தம். நான் கம்பால் கூரைப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம். பதிலுக்கு நானும் இரண்டு தட்டினால், நீங்களே வாங்க. நீ சின்னவளாக இருந்தபோது எங்களைப் பார்த்துச் சுவரெல்லாம் தட்டிக்கொண்டு திரிவாய்.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய், கண்ணு. அன்று சாயங்காலம் ஒரு கல்யாணத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், மேலே இரண்டு தட்டு கேட்டது. கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. டீக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் இரண்டு தட்டினேன். மறுபடியும் இரண்டு. நானும் விடவில்லை, ஓங்கி இரண்டு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாக ஒரு தட்டு. வருகிறாராம். வெற்றி எனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே டீ போட்டு வைத்தேன். டீ ஆறி ஆடை கட்டின பிறகுதான் மேலே போனேன். தரையில் கிடந்தார், ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. மூன்று வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் முதல் தடவையாகக் கம்பைத் தூக்கினபோது இடது கை தளர்ந்து, கம்பு சாய்ந்து, முனை மேலே பலகையில் இரண்டு முறை இடித்தது. மேலேயிருந்து ஒரு தட்டு வந்தது. பிசியோ பெண்ணிடம் கேட்டேன், ஒன்றும் கேட்கலியேம்மா என்றாள். வெயிலில் பலகை நெளிந்தால் அப்படிச் சத்தம் வரும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் பத்தாவது தடவை முடிந்ததும் அதே ஒரு தட்டு. பயமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். மூன்று வருஷம் கழித்தும் மனுஷர் வருகிறேன் வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாடியைப் பூட்டிவிட்டுக் கீழேயே இரு, எதற்கு இந்த வயதில் பாட்டில் தூக்கிக் கஷ்டப்படுகிறாய் என்று போனில் கேட்டாய். அன்றைக்கு அவரை இறக்கின பிறகு நான் அந்தப் படியில் கால் வைக்கவில்லை, முழங்காலைச் சாக்கு சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டர் அந்தச் சாக்கையும் அறுத்து எடுத்துவிட்டார். இன்று காலை பத்துத் தடவையும் தூக்கி முடிந்ததும் நானாகவே கம்பை நிமிர்த்தி ஒரே ஒரு தட்டு தட்டினேன். அதற்குப் பிறகு மேலே சத்தமில்லை. அடுத்த வாரம் பிசியோ பெண் கூட நிற்க, நான் ஏறப் போகிறேன்.

குட்டிக்கு என் முத்தம், உங்கள் எல்லாருக்கும் என் ஆசி. நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டே இருக்காதே, தோளைச் சுழற்று. ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன் அடித்து நான் எடுக்காவிட்டால், அம்மா ஏதோ வேலையாக இருப்பாள் என்று நினைத்து விட்டுவிடாதே. யாரையாவது வீட்டுக்கு அனுப்பிப் பார்.

படியேறப் போகிற,
உன் அம்மா