கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் நொடி

மார்ச் 2, பெலித்துங் தீவு, இந்தோனேசியா

சனிக்கிழமை மீனவர் கூடத்தில், ஒன்பதாம் தேதி வரும் முழுச் சூரிய கிரகணம் பற்றிப் பேச வேண்டும். சொல்லப்போகிறவை:

1. நிலா சூரியனை மறைக்கும். அதன் நிழல் நம் தீவின் மேல் ஓடும்.
2. கிரகணம் பார்ப்பதற்கென்றே உள்ள கறுப்புக் கண்ணாடி கட்டாயம். சூரியன் முழுக்க மறைந்திருக்கும் இரண்டு நிமிடம் மட்டும் அதைக் கழற்றலாம். ஒளிக்கீற்று திரும்பும் முன் மறுபடி போட்டுவிட வேண்டும்.
3. பயம் அறியாமையால் வருவது. விளக்கினால் போய்விடும்.

வாழ்நாளெல்லாம் வானியற்பியல் கற்பித்தவன், வாராவாரம் வானொலியில் நட்சத்திரக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவன். இன்னும் ஒலிவாங்கி முன் பேச எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 5

சூரியனை விழுங்கும் ராட்சசன் வெறும் கதை என்று ஆரம்பித்தேன். கூடமே சிரித்தது.

பள்ளித் தலைமையாசிரியை மர்லேனா எழுந்தார். "ராட்சசனா? போங்க ஐயா, நாங்க என்ன பச்சப்புள்ளைங்களா? நான் ஜாவாவுல வளந்தவ. எண்பத்து மூணாம் வருஷக் கிரகணத்தப்போ, வெளிய வந்தா கண்ணு போயிடும்னு படிச்சவங்கதான் டிவியில சொன்னாங்க. ஜன்னலெல்லாம் போர்வை. கோழிக்கூட்டைக்கூட மூடினோம். இப்ப நீங்க வந்து கழட்டிட்டுப் பாருங்கறீங்க. யாரை நம்புறது?"

பின்வரிசையில் ஒருவர், "கோழிக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சர்?" என்றார். மறுபடி சிரிப்பு. மர்லேனா மட்டும் சிரிக்கவில்லை.

நிழலை இன்னொரு முறை விளக்கினேன். தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

மார்ச் 6

மர்லேனா பெற்றோர்களிடம், பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லப்போகிறாராம். தடுக்க வேண்டுமா? எல்லாரும் கூடிப் பார்க்கப்போகும் மைதானத்தில் ஒரு குழந்தை அரை நொடி தாமதமாகக் கண்ணாடி போட்டால்? அந்தக் கண்ணுக்கு யார் பொறுப்பு? நான்தானே.

மார்ச் 7

மர்லேனா வீட்டுக்கே போனேன். வாசலிலேயே கேட்டார்: "உங்க வீட்டம்மாவுக்குப் போன வருஷம்தானே கண் ஆபரேஷன் ஆச்சு? அவங்களைக் கழட்டச் சொல்வீங்களா?"

உடனே 'சொல்வேன்' என்றிருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி நடந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 8

மேகம். சூரியன் மறையும், திரும்பும் நொடிகளின் கணக்கை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். கண் மருத்துவரிடமும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன்; முழுக்க மறைந்திருக்கும்போது பார்க்கலாம் என்றார்.

மர்லேனா கேட்டதை என் மனைவி ஸுரைடாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே, "அதுக்கா ரெண்டு நாளா சோறு இறங்கல? நான் முன்னால நிக்கிறேன். நீங்க சொன்னா கழட்டுறேன். சொல்ல மறந்துட்டு வானத்தையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

இவள் கண்ணை வைத்தா நான் நிரூபிக்க வேண்டும்? கணக்கு சரி. சரிதான். பிறகு ஏன் மறுபடியும் தாளை எடுக்கிறேன்?

மார்ச் 9

பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடிந்து ஊரார் நேராக மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். மர்லேனாவும் வந்தார், ஆனால் பிள்ளைகள் எல்லாரையும் சூரியனுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார்.

மேகம் விலகியது. கடல் ஈய நிறமாயிற்று. கடைசிக் கீற்றும் அணைந்தது. "கழற்றுங்கள்!" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் ஸுரைடாவைத்தான் பார்த்தார்கள்.

அவள் கழற்றினாள். முகத்தைத் தூக்கி, "அம்மாடி!" என்றாள்.

மர்லேனா கழற்றினார். பிறகு, "திரும்புங்கடா, எல்லாரும் திரும்புங்க!" என்று கத்தினார்.

நான் மேலே பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போடுங்கள்!" என்றபோது 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் முழக்கத்தில் என் குரல் அமுங்கிப்போயிற்று. மர்லேனாதான் வகுப்பறைக் குரலில் அதட்டிப் போடவைத்தார். எல்லாரும் போட்டார்களா? தெரியவில்லை.

மார்ச் 10

விடிந்ததும் ஸுரைடாவிடம் செய்தித்தாளைப் படிக்கக் கொடுத்தேன். பொடி எழுத்தையும் படித்தாள். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாருக்கும் பார்வை மங்கவில்லை.

மர்லேனா வீடுதான் கடைசி. "நல்லாவே தெரியுது ஐயா. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க, அதுகூடத் தெரியுது." பிறகு மெதுவாக, "நீங்க பாக்கவே இல்லையே?" என்றார்.

வீட்டுக்கு வந்து பொத்தானைச் சரிசெய்தேன்.

கிரகணம் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் பயந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லாரையும்விட அதிகம் தெரிந்திருந்தது, ஆனால் நான்தான் அதிகம் பயந்தேன். 'பயம் அறியாமையால் வருவது' என்று மூன்றாவதாக எழுதியது தவறு.