பின் சீட்டில் பிரேக் கிடையாது

அன்புச் செல்லத்துக்கு, அம்மா எழுதுவது. இந்த வீட்டில் நாலு கைகளில் மூன்றும் நாலு கால்களில் மூன்றும் நலம். உடைந்த கை உன் அப்பாவுடையது, வீங்கிய கால் என்னுடையது, மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை ஆள் தேறும். உன் கன்னத்து வீக்கம் வடிந்ததா? இதைப் போனில் கேட்க வழியில்லை. நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், உன் குரலைவிட மாப்பிள்ளை மூச்சு விடுகிற சத்தம்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நானும் இங்கே வெயில், அங்கே குளிரா என்று வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு. என் கையெழுத்தைப் பார்த்து உன் ஆபீஸே சிரிக்க வேண்டாம்.

அன்றைக்கு ஒரு தரம் நீ பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் கிசுகிசுவென்று என்னிடம் சொன்னாயே, முடியைப் பிடித்துத் தலையைக் கதவில் மோதினார் என்று, அதை ஓர் எழுத்து குறையாமல் உன் அப்பாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார் என்று பார்த்தால், மனுஷன் கால் நகத்தை வெட்டிக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லு, போகப் போக எல்லாம் சரியாயிடும்" என்றார். என் கையில் அப்போது ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அடுத்த நிமிஷம் இல்லை. அவர் காதோரமாய்ப் போய்ச் சுவரில் உடைந்தது. குறி தவறியது என் மூக்குக்கண்ணாடியின் குற்றம், மனசின் குற்றம் இல்லை. அத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஆனால் சைக்கிள் சங்கத்தின் மலைப் பயணத்துக்கு முன்னாலேயே பேர் கொடுத்திருந்தோம். போகாமல் இருந்தால் சங்கச் செயலாளரின் மனைவி எங்களுக்குள் என்ன தகராறு என்று தானே கண்டுபிடித்து ஊரெல்லாம் பரப்பியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிளம்பினோம்.

உன் ரூமில் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றதே அந்த ரெட்டை சைக்கிள், அதில்தான். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், ஆனால் பெல்லும் கியரும் பிரேக்கும் முன்னால் இருப்பவர் கையில். வாங்கும்போதே பின்னாலும் ஒரு பிரேக் வைக்கச் சொன்னேன். பஸ் டெப்போவில் நாள் முழுக்க பிரேக் சோதிக்கிற உன் அப்பா, "ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான், நீ மிதிச்சா போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் பார்த்த இயற்கைக் காட்சியெல்லாம் அவர் முதுகில் வியர்வை போடுகிற உலக வரைபடம்தான். முன்னால் இருப்பவர் பள்ளம், மேடு, இடது, வலது என்று குரல் கொடுக்க வேண்டும், வளைவில் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சைக்கிள் யார் பேச்சையும் கேட்காது. பேச்சே இல்லாதவர்கள் எப்படிக் குரல் கொடுப்பது? அதற்குத்தான் உன் சித்தப்பாவைப் பக்கத்திலேயே தனிச் சைக்கிளில் வரச் சொல்லியிருந்தார். "டேய், உங்க அண்ணிகிட்ட சொல்லு, மேடு வருது, அழுத்தி மிதிக்கணும்" என்பார். "அண்ணி, மேடாம்" என்பார் சித்தப்பா. "எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். "அண்ணா, கண்ணு இருக்காம்!" இப்படியே மூச்சிரைக்க மலை ஏறினோம். சங்கத்துக்காரர்கள் எங்களுக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள், அது எங்கள் மானத்துக்கு நல்லதாய்ப் போயிற்று.

உச்சியைத் தாண்டியதும் மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. வலப்பக்கம் செங்குத்துப் பாறை, இடப்பக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் ஆறு. ஆறு ஓடுகிறது என்று சொன்னால் அது பொய், அடித்துக்கொண்டிருந்தது. வேரோடு வந்த ஒரு மரத்தைப் பிடித்துப் பாறையில் மோதும், பின்னால் இழுக்கும், திரும்ப மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் எனக்கு உன் வீட்டுக் கதவுதான் ஞாபகம் வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஜீப் வந்து என் தோளில் உரசிக்கொண்டு போனது. உன் அப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் முதுகில் வீசினார். ஜீப் நின்றது. டிரைவர் இறங்கி, "ரோடு என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா?" என்று கேட்டான். உன் அப்பா சைக்கிளை என் மேல் சாய்த்துவிட்டுப் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். "பொம்பளை மேல இடிக்கிறியா?" என்று ஒரு குத்து விட்டார், அவன் உதடு கிழிந்தது. அவன் தலையால் முட்டினான், இவர் மூக்கில் ரத்தம். சமாதானம் பேசப் போன சித்தப்பாவுக்கு முன்பல் தெறித்தது, தூது போகிறவர்களுக்கு எப்போதும் அந்தக் கதிதான். பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற என் கண்ணெதிரே இப்படி ஒரு பல் போகலாமா? எனக்கும் ஆத்திரம் வந்து ஹெல்மெட்டால் ஜீப்பின் பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினேன், அவன் பதிலுக்குச் சித்தப்பாவின் சைக்கிளை உதைத்ததில் சக்கரம் அப்பளமாய் நெளிந்தது. எல்லாருக்கும் மூச்சு வாங்கியபோதுதான் சண்டை நின்றது. சித்தப்பா வாயிலிருந்து ஒழுகும் ரத்தத்தைப் பார்த்து அந்த டிரைவருக்கே மனசு கேட்கவில்லை, அவரையும் அவர் சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். கிளம்புவதற்கு முன் நான் சித்தப்பாவிடம், "உங்க அண்ணனைக் கேளுங்க, எவனோ என் மேல உரசினதுக்கு இந்த ஆட்டம் ஆடுறாரே, பொண்ணு தலையை ஒருத்தன் கதவுல மோதினா மட்டும் பொறுத்துப் போகணுமா?" என்றேன். சித்தப்பா வாயில் துணியை அடைத்திருந்தார், செய்தி போகவில்லை. ஆனால் உன் அப்பாவின் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன்.

ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவர்கள் வருவதற்குள் நாங்கள் இறக்கத்தில் இறங்கிவிட்டோம். இனித் தூதர் இல்லை. கோபத்தில் அவர் பிரேக்கையே தொடவில்லை, டெப்போவில் இப்படி ஒரு பஸ் இறங்கினால் டிரைவரின் வேலை போயிருக்கும். பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து ரோடு ஈரமாய்க் கிடந்த ஒரு வளைவு வந்தது. "இடது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வீம்பு, சொல்லவில்லை. எனக்கு ஆற்றைப் பார்த்துப் பயம், கண்ணை மூடிக்கொண்டு பாறைப் பக்கம் சாய்ந்தேன். அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். சைக்கிள் நேராகப் போய்ப் பாறையில் அறைந்தது. அவர் வலக் கை முறிந்த சத்தம் காய்ந்த விறகு ஒடிவதுபோல் கேட்டது. அங்கிருந்து எகிறி ரோட்டின் குறுக்கே தேய்த்துக்கொண்டு போனோம். என் முழங்கால் ஒரு மைல்கல்லில் மோதி நின்றது. சைக்கிள் நிற்கவில்லை, ஆற்றில் போய் விழுந்தது. உன் அப்பாவும் விளிம்பைத் தாண்டிவிட்டார். இடக் கை ஒன்றால் தடுப்புச் சுவரின் உடைந்த கல்லைப் பிடித்துத் தொங்கினார். நான் குப்புறப் படுத்து, காலை அந்த மைல்கல்லில் மாட்டிக்கொண்டு, அவர் முதுகுப்பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். கீழே ஆறு எங்கள் சைக்கிளை மென்று துப்பிக்கொண்டிருந்தது.

"இழு! இழுடி!" என்று கத்தினார். இத்தனை நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் யோசித்துச் சொல்லவில்லை கண்ணு, என் வாய் தானாகச் சொன்னது. "கொஞ்சம் பொறுத்துப் போங்க, போகப் போக எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்கிலும் புருவத்திலும் ரத்தம். "முடியலடி, கை விட்டுடும்" என்றார். "அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஆனால் பட்டையை மட்டும் நான் விடவில்லை. என் நகங்கள் இரண்டு பெயர்ந்துவிட்டன. பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. உதடு கிழிந்தவனும் பல் போனவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டை தூக்குவதுபோல் அவரை மேலே தூக்கினார்கள். எங்களை உரசிய ஜீப்பே ஆம்புலன்ஸ் ஆகிவிட்டது. நான் உடைத்த கண்ணாடியைப் பற்றி அவன் வழி முழுக்க வாய் திறக்கவில்லை, தங்கமான பையன்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் கையை இழுத்துப் பொருத்தும்போது உன் அப்பா போட்ட கூச்சலில் அடுத்த வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டுப் போட்டு முடிந்ததும், "அவளை வரச் சொல்லு" என்றார். சித்தப்பா பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, பொக்கை வாயால், "அண்ணி, அவளை வரச் சொ..." என்று ஆரம்பித்தார். "டேய், நான் இவகிட்டதான் பேசுறேன்" என்றார் உன் அப்பா.

ஆகையால் கண்ணு, சொல்வதைக் கவனமாய்க் கேள். பாஸ்போர்ட்டை முதலில் ஆபீஸ் மேஜைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டு. உன் மேலதிகாரி அம்மா நல்லவள் என்றாயே, அவளிடம் மட்டும் சொல். பெட்டி கட்டாதே, பெட்டியைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். வழக்கமாய் வேலைக்குப் போகிறவள்போல் கைப்பையோடு கிளம்பு. டிக்கெட்டைச் சித்தப்பா உன் ஆபீஸுக்கே அனுப்புகிறார். சொல்லிவிட்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதே. துணிமணியை நினைத்து அழாதே, என் புடவைகளை நீ சின்ன வயதிலிருந்தே கேலி செய்கிறாய், இப்போது அவற்றையே கட்டிக்கொண்டு நில், நானும் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்படாதே, செயலாளர் மனைவிக்கு முன்னால் நானே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன், அந்த வித்தையில் அவள் எனக்கு மாணவி.

சைக்கிள் ஆற்றோடு போனதால் உன் ரூம் காலியாகிவிட்டது, கட்டில் இப்போது முழுதாய்த் தெரிகிறது. உன் அப்பா ஒற்றைக் கையால் பெருக்கினார், சுவரில் டயர் பட்ட கறுப்புக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார், போகவில்லை. நீ நூறு வயது நன்றாய் இருப்பாய், என் வாய் கெட்ட வாய், ஆனால் பலிக்கும் வாய். பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே. கீழே கோழி கிளறினதுபோல் இருப்பது உன் அப்பா இடக் கையால் எழுதியது. அந்த ஓர் எழுத்தை எழுத அவருக்கு மூன்று தாள் வீணாயிற்று.

இப்படிக்கு,
பின் சீட்டிலிருந்து உன் அம்மா

வா