துடைக்காமல் விட்ட இடம்

இன்று காலையும் கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. இந்த வெஸ்ட் ஈலிங் வீட்டில் எனக்கு முன்பு குடியிருந்தவரின் பெயருக்கு. எத்தனை தரம் திருப்பி அனுப்பினாலும் வருவது நின்றபாடில்லை. குனிந்து எடுக்கும்போதெல்லாம் உமது நினைப்புத்தான்.

கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஒரு மென்பொருளை எழுதும் நிறுவனத்தில் நாமிருவரும் அடுத்தடுத்த மேசைகளில் வேலை செய்தோம். ஒரு வாடிக்கையாளரின் கோப்புகள் காரணமில்லாமல் பாழாகத் தொடங்கியபோது எல்லோரும் டிஸ்க்கைத்தான் குறை சொன்னார்கள். நீர் மட்டும் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினீர்.

"இஞ்ச பாரும். எங்கட மென்பொருள் நினைவகத்தில புதுசா இடம் எடுக்குது, ஆனா துடைக்கிறேல்லை. முந்திக் கிடந்த குப்பையைத் தன்ர விபரம் எண்டு நினைச்சு வாசிக்குது. உம்மட வீட்டுக்கு வாற கடிதம் மாதிரித்தான்."

எடுத்த இடத்தை முதலில் பூச்சியமாக்க ஒரு வரி போதும். அதை எழுதியும் கொடுத்தீர். நம் மேலாளர் தன் கணினியை அணைத்து மறுபடி போட்டு, அந்த வரி இல்லாமலே மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். அப்போதுதான் போட்ட கணினியில் குப்பை எங்கே இருக்கும்? "இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது" என்றார். நீர் வேண்டுமென்றே நினைவகம் முழுக்கக் குப்பையை நிரப்பி ஓட்டிக் காட்டினீர். உடனே கோப்பு பாழாகிப் போனது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆள்குறைப்பில் உம்மை அனுப்பினார்கள்.

"விடும், ஹவுன்ஸ்லோவில ஷிப்ட் கிடைச்சிருக்கு" என்றீர். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. மாரடைப்பும் அங்கேதான் வந்தது. செத்தவீட்டுக்கு மேலாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்து என் கையைப் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் அந்தத் திருத்தம் மென்பொருளில் சேர்ந்தது. அதே வரி. திருத்தப் பதிவில் செய்தவர் பெயர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர். உமது பெயரைப் போடும்படி அந்தப் பதிவுகளின் பொறுப்பாளர்களுக்கு எழுதினேன். சம்பந்தப்பட்டவரே மின்னஞ்சலில் சம்மதம் தெரிவித்தால் மாற்றலாம் என்று பதில் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். வருந்துகிறோம், விதி அதுதான் என்றார்கள்.

இப்போதும் எதைச் சோதித்தாலும் உம்மைப் போல முதலில் குப்பையை நிரப்பிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். நேரம் வீணாகிறது என்று முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

உமது பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அங்கே அந்த ஆள் குடியிருக்கிறார்.