உலக நிலைமையும் ஆல்பினின் பள்ளிக்கூடமும்

பிரியமுள்ள மகள் ரின்ஸிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் விதிவிலக்கு. அயர்லாந்துக் குளிரில் நீயும் நலமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உன் பேரைச் சொல்கிறோம். உன் அப்பச்சனான என் வாயும் நலமாகத்தான் இருக்கிறது, இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பேசி முடித்து என் கையில் தருவதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது, அது இன்னொரு வசதி. மழை விட்டபாடில்லை, மேற்குப் பக்கத்துப் பலாமரம் சாய்ந்துவிட்டது, நல்லவேளை கோழிக்கூடு தப்பித்தது. மரம் வெட்ட வந்தவனிடம் நான் பேசிக்கொண்டே நின்றதில் அவன் வேலையை முடிக்காமலே போய்விட்டான் என்று உன் அம்மா சொல்கிறாள், நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி ஆல்பினுக்குக் கையும் காலும் நாக்கும்தான் சொல்பேச்சு கேட்பதில்லை, புத்தி உன்னுடையதைப் போல, என்னுடையதைப் போல இல்லாததற்கு தெய்வத்துக்கு நன்றி. பத்தாம் வகுப்பு வரைக்கும் ஷீபா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள், அவன் சொல்ல வருவதைக் காத்திருந்து கேட்டாள். பிளஸ் ஒன்னுக்கு அப்படி யாரும் கிடையாதாம். பிரின்சிபால் நல்ல மனுஷர், உட்காரவைத்து காபி கொடுத்து, பையன் வீட்ல இருந்தே படிக்கட்டும் சாக்கோச்சா, பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வந்தா போதும் என்றார். அன்றைக்கு ஆல்பின் சாப்பிடவில்லை. யூனிபார்ம் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிவிடவா என்று அம்மா கேட்டதற்கு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வார்டு மெம்பர் ரமணிதான் வழி சொன்னாள். கிராம சபையில் தீர்மானம் ஆனால் பஞ்சாயத்துத் திட்டத்திலேயே பள்ளிக்கு ஒரு துணை ஆசிரியை போடக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம், நீங்களே பேசுங்க சேட்டா என்றாள். குரங்குக்குக் கள்ளையும் ஊற்றியாயிற்று. கண்டக்டராக இருந்த காலமெல்லாம் யூனியன் மேடை ஏறியவன் இல்லையா, மீசைக்கு மை பூசினேன், கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பார்த்தேன். குடையை எடுத்துத் தரும்போது உன் அம்மா, மனுஷா, ஊரைச் சுத்தாம நேரா விஷயத்துக்குப் போங்க என்றாள். எனக்கே பாடமா என்று சிரித்துவிட்டு அவளையும் ஆல்பினையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நம் ஊர் மேடையில் முதலில் உலக நிலைமை, பிறகு தில்லி, பிறகு திருவனந்தபுரம், அதற்கப்புறம்தான் உள்ளூர். இந்த வரிசை தப்பினால் பேச்சுக்கு மரியாதை இல்லை என்று பழகிவிட்டேன். எண்ணெய் விலையில் தொடங்கினேன், கடல் தாண்டிய சண்டைகளுக்கெல்லாம் கண்டனம் தெரிவித்தேன். நான் தில்லிக்குள் நுழையும்போது வெளியே கட்டன் சாயாவும் பருப்பு வடையும் வந்தன. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வார்டுக்கு வாங்க சேட்டா என்று ரமணி மெல்லச் சொன்னாள். நான் எங்கே வருவது, எல்லா ஸ்டாப்பிலும் நின்று பழகிய வண்டி. ரேஷன் கடைக் குட்டப்பன் பின்னாலிருந்து, சாக்கோச்சா, வண்டி நம்ம ஊருக்கு எப்ப வரும், இல்ல நாங்க நடந்தே போயிடட்டுமா என்று கேட்டான், சபை மொத்தமும் சிரித்தது. மணி அடித்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஆல்பின் என்ற பேரே என் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்தது தெருவிளக்கு விஷயம் என்று ரமணி சொல்லும்போதே ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த உன் தம்பி கையைத் தூக்கினான். ரமணி மைக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தாள். அவன் ஒரு வார்த்தை பேசுவது கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துவது போலத்தானே. பாதி வந்ததுமே மீதியை நான் முடித்துவிடுவது வழக்கம், அன்றைக்கும் எழுந்தேன், உன் அம்மா அந்த வலிக்கிற காலாலேயே என் காலை மிதித்தாள். எனக்குப் படிக்கணும் என்றான். ஸ்கூல்ல என்றான். டீச்சர் வேணும், ரஸியா அக்கா பொண்ணு நஸ்ரினுக்கும் வேணும், அவளுக்குக் காது கேக்காது என்றான். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு என் உலக நிலைமைக்கு ஆன அத்தனை நேரம் ஆயிற்று, ஆனால் வடையோடு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். வீட்டில் இருந்தே படிக்கலாமே என்று யாரோ அனுதாபத்தோடு கேட்டார். அவன் நாக்கோடு நன்றாக மல்லுக்கட்டிவிட்டு, வீட்ல அப்பச்சன் பேசிக்கிட்டே இருப்பாரு என்றான்.

சபை அடங்க நேரமாயிற்று. கை தூக்காதவர் ஒருவரும் இல்லை, குட்டப்பன் வடையோடு தூக்கினான். தீர்மானம் ஆகிவிட்டது, இனி பஞ்சாயத்துக் கமிட்டியும் மேலே உள்ளவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவரை நிச்சயமில்லை. ஆனால் அம்மா யூனிபார்ம் துணியைத் திரும்ப வாங்கவில்லை. கமிட்டி முன்னால் பேச ஆல்பினையும் நஸ்ரினின் அம்மாவையும் அனுப்புகிறார்கள். எனக்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், நாற்காலி தள்ளுவது, வாயை மூடியிருப்பது.

அதற்கு வீட்டிலேயே பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ராத்திரிச் சாப்பாட்டில் ஆல்பின் எப்போ, எப்போ என்று ஆரம்பிப்பான், எப்போ சோறு என்று நானே முடித்து ஒரு கரண்டி போட்டுவிடுவேன், அவனும் பேசாமல் தின்பான், தூக்கும்போது கனக்கிறானே என்று நான் அலுத்துக்கொள்வேன். நேற்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு காத்திருந்தேன். எப்போ சேச்சி வருவா என்று உன்னைக் கேட்டான்.

தெய்வமும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும், கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை முதலில் அவனிடம் கொடுக்கச் சொல். நடுவில் சத்தமே இல்லாமல் போனால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே மகளே, அவன் அடுத்த வார்த்தையைக் கொண்டுவந்துகொண்டிருப்பான்.

உன் அன்புள்ள அப்பச்சன்,
சாக்கோ