கதிரை பற்றி நான் எழுதாதது

ஜூலை 9, செவ்வாய்

என் பெயரில் பொய்யை அச்சடித்துவிட்டார்கள். கோயில் ஜூபிலி மலர் இன்று அச்சகத்திலிருந்து வந்தது. ‘கதிரை: ஒரு சொல்லின் பயணம்’. நாம் இருக்கும் நாற்காலிதான். என் கட்டுரை, என் படம். உள்ளே நான் எழுதாத வசனம்: “கதிரை என்பது கதிர் என்னும் தூய தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது.” வாசித்ததும் வாய் கசந்தது.

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. காலையில் போடும் மருந்துக் குளிசை மறந்தேன்.

வெட்டியவை:
- போர்த்துக்கீசரின் ‘கதெய்ரா’. நமக்கு வந்தது அவர்கள் வாயிலிருந்து.
- அதற்கு முன் இலத்தீன், அதற்கும் முன் கிரேக்கம்: கதெத்ரா, உட்காருமிடம்.
- ஸ்பானியத்தில் அதே சொல்லுக்கு இடுப்பு என்று பொருள். கதிரைக்கு அவர்களிடம் வேறு சொல்.
- பிரெஞ்சில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பிரசங்க மேடை, மற்றது இருக்கிற கதிரை. ஜெர்மனில் வாத்தியாரின் மேசை.
- கடைசிப் பந்தி முழுதும். என் மனைவி டல்சியின் அப்பப்பா பற்றியது.

விட்டுவைத்தது ஒரே வரி: ஆயரின் கதிரை இருப்பதால்தான் பேராலயத்தை ஆங்கிலத்தில் கதீட்ரல் என்கிறார்கள். ஆயருக்கு மட்டும் பயம். அதற்கு இரண்டு வரி தள்ளி ‘தூய தமிழ்’. ஒன்றை மற்றது பொய்யாக்குவதுகூட விளங்கவில்லை. சீ.

ஜூலை 10, புதன்

நாவற்குடாவுக்கு சைக்கிளில். அருளப்பு மாஸ்டர் வீடு. மலர்க்குழுச் செயலாளர், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். (இனி அ.மா.) தேத்தண்ணி தந்தார். குடித்தது பிழை.

“சவரியண்ணன், கோயில் புத்தகத்தில இடுப்பப் பத்தி எழுதேலுமா? பொம்பிளப் புள்ளையள் வாசிக்கிற.”

இடுப்பில்லாமல் எந்தப் பிள்ளை கதிரையில் இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே அவர் மகள் சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

சரி, இடுப்புப் போகட்டும். கடைசிப் பந்தியில் என்ன அசிங்கம் கண்டார்? டல்சி பறங்கிப் பெண், போர்த்துக்கீசர் வழிவந்தவள். அவளுடைய அப்பப்பா தச்சர். நம் கோயிலில் சுவாமிமார் இருந்து பூசை வைத்த பழைய கதிரை அவர் செய்தது. செய்யும்போது அவர் அதைச் சொன்ன பெயர் ‘கதெரா’. அவள் வீட்டில் இன்றும் அப்படித்தான். போர்த்துக்கீசர் போய்விட்டார்கள், சொல்லை வைத்திருந்தவர்கள் இந்த மனிதர்கள். இதுதான் அந்தப் பந்தி. கட்டுரையே அதற்காக எழுதியது.

“பறங்கியாக்கள் நாலு குடும்பம்கா. இது தமிழ்ச் சனத்திட கோயில். மறுகா, நல்லதுக்குத்தான் மாத்தின.”

அவர் முன்னறையைக் காட்டினேன். மேசை, அலுமாரி, யன்னல், சாவி, அவர் இருந்த நீள வாங்கு: பெயரெல்லாம் போர்த்துக்கீசம். அவர்கள் தந்ததை எல்லாம் தூக்கி வெளியே போட்டால் மாஸ்டர் நிலத்தில் இருக்க வேண்டும், காற்றும் வராது என்றேன். மாஸ்டர் பேப்பரை எடுத்து விரித்தார்.

பங்குச் சுவாமிக்கு போன். சின்ன வயது, நல்ல பிள்ளை, முதுகெலும்பு இல்லை. அடுத்த மலரில் திருத்துவோம் என்கிறார். அடுத்த ஜூபிலிக்கு இருபத்தைந்து வருடம். எனக்கு நூறு தாண்டும்.

ஜூலை 12, வெள்ளி

கிளினிக். பரிசோதனைக்கு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்கள். ஒல்லாந்தருக்கும் ஜெர்மன்காரருக்கும் அந்தச் சொல் சாய்மானத்தோடு கூடிய முழுக் கதிரை. இங்கிலீசில் முதுகு போய்க் குந்தும் முக்காலியாகி, கடைசியில் இந்தப் போத்தலுக்குள் வந்து நிற்கிறது. தாதிக்குச் சொன்னேன். “ஐயா, மூடிய இறுக்கிப் பூட்டுங்க” என்றாள்.

கறிக்குச் செல்வன் மீன், நல்லது.

பின்னேரம் டல்சி மலரை எடுத்தாள். தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள், விரல் வைத்து. கட்டுரை முடிந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கே மா அரைக்கும் ஆலையின் விளம்பரம். திரும்பி வந்து கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“அப்பப்பாட பேர் போடல்லியா?”

இல்லை என்றேன்.

“நான் அக்காவ கல்குடாவில இருந்து வரச் சொல்லிட்டன்.”

அவ்வளவுதான். திருநாளுக்குத் தான் உடுத்த மினுக்கிவைத்த சட்டையை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். என் பெயரில் பொய் வந்ததைவிட இது அருவருப்பு. செய்தவர்கள் பூசைக்குப் போய் நன்மை அப்பமும் வாங்குவார்கள்.

ஜூலை 14, ஞாயிறு. திருநாள்

வெயில். பந்தலுக்குள் அவியல். அக்கா வந்தார், டல்சி அந்தச் சட்டையையே உடுத்தாள்.

முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். ஒன்றில் என் பெயர் ஊசியால் குத்தியிருந்தது. நான் இருக்கவில்லை, அதன் பின்னால் நின்றேன். மலர் வெளியீடு. “மூத்த தமிழறிஞர்” என்று அ.மா. கூப்பிட்டார். மேடைக்குப் போனேன், பொன்னாடை கழுத்தில் விழுந்தது. புதுத்துணிக் கஞ்சி நாற்றம். ஒலிவாங்கியைப் பிடித்து “இந்தக் கட்டுரையில்” என்று தொடங்கினேன். அ.மா. தலையை ஆட்டினார், பாட்டுப் போட்டுவிட்டார்கள். கைதட்டல் வேறு. பொய்யைச் சொன்னதற்கு என் வாழ்க்கையில் முதல் கைதட்டல்.

திரும்பி வந்து அதே இடத்தில் நின்றேன். பின்னால் யாரோ, “இரிங்க ஐயா, மறைக்குது.” இருக்கவில்லை. சுவாமி வந்து தோளைத் தொட்டார். இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் டல்சி எழும்பினாள்.

“சென்டா.”

இரு என்று அர்த்தம். அவர்கள் பாசை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அதை அவள் குசினியில் அக்காவோடு மட்டுந்தான் பேசுவாள், வாசலுக்கு யாரும் வந்தால் குரல் தணிந்துவிடும். இன்று பந்தல் முழுக்கக் கேட்டது. அ.மா.வும் திரும்பிப் பார்த்தார்.

இருந்தேன்.

அக்கா அதே பாசையில் நீளமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். டல்சியும் சிரித்தாள். பகல் சாப்பாடு வரை இரண்டு பேரும் குரலைத் தணிக்கவே இல்லை.

ஜூலை 15, திங்கள்

காற்று நிற்கவில்லை. இருந்துவிட்டேன் என்பதால் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறார்களாம். அ.மா. சொல்லித் திரிகிறார் என்று மீன்காரன் சொன்னான்.

செய்ய வேண்டியவை:

அ.மா.: வசனம் தன்னுடையது, என்னுடையது அல்ல என்று ஒரு துண்டு அச்சடித்து, மிச்ச மலர் எல்லாவற்றிலும் தன் கையால் ஒட்டுவது. கடைசிப் பந்தி முழுதாக. இடுப்பும் சேர்த்து.

சுவாமி: வரும் ஞாயிறு பூசை முடிய அதை வாசிப்பது. அடுத்த ஜூபிலி வரை காத்திராமல்.

அக்கா: அப்பப்பாவின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டித் தருவது.

கோயில் மூப்பர்: சாமான் அறையில் பழைய பீடத் துணிகளுக்கு அடியில் கிடக்கும் அப்பப்பாவின் கதிரையை வெளியே எடுத்து, வௌவால் எச்சத்தைக் கழுவுவது.

நான்: அந்தக் கதிரையைப் பின்னப் பிரம்பு வாங்குவது. பொன்னாடையை அ.மா. வீட்டு வாங்கில் வைத்துவிட்டு வருவது. தேத்தண்ணி குடிப்பதில்லை.

டல்சி: கதிரை வந்ததும் அதில் இருப்பது. எல்லாரும் பார்க்க.